குட்டைக்கு எதிர் வீடு

மே 8, திங்கட்கிழமை, காலை ஏழு பத்து. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஓல்மான் ஸோலானோ, அதாவது நான். என் நிறுவனம் அவ்வளவுதான். இரண்டாவது நாற்காலி வாடிக்கையாளருக்கு.

பத்தொன்பது வருடம் தலைநகரில் ஒரு தினசரிக்குப் பக்கம் கட்டியவன் நான். அதில் கடைசி ஏழு வருடம் இரங்கல் விளம்பரங்கள். நிம்மதியான வேலை. நான் வடிவமைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட எழுந்து வந்து திருத்தம் கேட்டதில்லை. பிறகு பத்திரிகை மெலிந்தது. இரங்கல் பக்கத்துக்கே இரங்கல் போட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு துரியால்பாவுக்கு, மனைவி ஸீனியாவின் ஊருக்கு, வந்து சேர்ந்தேன். அதுவரை நான் ஞாயிற்றுக்கிழமைக் கணவன். இனி எல்லாக் கிழமையும்.

இனி யாரிடமும் சம்பளத்துக்குக் கைகட்டி நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். 'ஓல்மான் ஸோலானோ, சுதந்திர வலைத்தள வடிவமைப்பாளர்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஸீனியா கையில் கரண்டியோடு வந்து படித்தாள்.

"வலை கட்டப் போறீங்களா?"

"வலைத்தளம்."

"சிலந்திகூடத்தான் கட்டுது. அதுக்காவது நாளைக்கு ரெண்டு ஈ மாட்டுது."

"எனக்கும் மாட்டும்."

"எப்போ?"

"கலைக்கெல்லாம் தேதி குறிக்க முடியாது ஸீனியா."

"நான் குறிக்கிறேன். நவம்பர் முப்பது. அதுக்குள்ள ஒரே ஒரு ஈ. இல்லைன்னா டிசம்பர் ஒண்ணாந்தேதி காலைல ரிகோபெர்த்தோ கடை."

ரிகோபெர்த்தோ அவளுடைய தம்பி. கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். ஆணி நிறுக்க ஆள் வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னை அவன் 'கலைஞரே' என்றுதான் கூப்பிடுவான். "கலைஞரே, ரெண்டு அங்குல ஆணி அரைக்கிலோ!" அந்தக் குரல் என் காதில் கேட்டது. இல்லை. உயிர் போனாலும் இல்லை. கை கொடுத்து அந்தக் கெடுவுக்கு ஒப்புக்கொண்டேன்.

முதலில் எனக்கென்று ஒரு தளம். ஏழு வாரம் உழைத்தேன். நடுவில் என் பெயர். சுற்றிலும் வெள்ளை. ஸீனியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பக்கம் பூரா காலியா இருக்கே?"

"காலி இல்ல. பக்கம் மூச்சு விடுற இடம்."

"அப்படியா? நம்ம அரிசி டப்பாவும் ஒரு வாரமா மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கு."

கலைஞன் இதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது. அடுத்து முகவரி எழுதப் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் யாரும் வீட்டு எண் சொல்வதில்லை. அத்திமரத்திலிருந்து நூறு மீட்டர் வடக்கு என்பார்கள். போய்ப் பார்த்தால் மரம் இருக்காது. வெட்டி முப்பது வருடம் ஆகியிருக்கும். முகவரி மட்டும் நிற்கும். என்னைப் போன்ற நவீன மனிதனுக்கு இது அவமானம். நானே ஒரு பலகை செய்து வாசலில் மாட்டினேன்: 27. எங்கள் தெருவில் 26 கிடையாது. 28 கிடையாது. 27 உண்டு.

தளத்தில் கம்பீரமாகப் போட்டேன்: நான்காம் வீதி, வீட்டு எண் 27.

"இதைப் படிச்சுட்டு யாரு வருவா?" என்றாள் ஸீனியா.

"நாகரிகமான ஆளுங்க."

"நாகரிகமா வந்து, தெருமுனையில நின்னு, நாகரிகமா திரும்பிப் போவாங்க. அதை விடுங்க. வாசல்ல இருக்கிற குழியை எப்போ மூடப் போறீங்க? மூணு மழைக்காலமா தண்ணி நிக்குது."

"அது நகராட்சி வேலை."

"மூடறேன்னு சொன்னது நகராட்சியா?"

"வேலையா இருக்கேன் ஸீனியா."

ஆகஸ்ட் வந்தது. ஈ வரவில்லை. ஒருநாள் ஸீனியா மட்டும் வந்து அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் தமால் செய்து விற்பாள். சோள மாவுக்குள் பன்றிக்கறி வைத்து, வாழையிலையில் மடித்து, இரண்டிரண்டாகக் கட்டி வேகவைப்பது.

"எனக்கு ஒரு பக்கம் போட்டுத் தாங்களேன். இந்த வருஷம் ஆர்டர் எல்லாம் அதுல எடுக்கலாம்."

"தமாலுக்கா? நான் ஒரு கலை வாழ்க்கையைக் கட்டிக்கிட்டிருக்கேன். முதல் வேலையே தமால்னா வெளியில என் பேரு என்ன ஆகும்?"

"பொண்டாட்டி பக்கம் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?"

"எல்லாரும் வர மாதிரி வரிசையில வாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு முன்னாடி யாரு நிக்கிறா?"

"கொள்கை நிக்குது."

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனபோதே நான் பயந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கணவனுக்கு அந்த அனுபவம் போதாது.

செப்டம்பர் 19, காலை பத்து மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. 'மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர் அவர்களுக்கு. பாரம்பரிய உணவுத் துறையில் இருபது ஆண்டு அனுபவம் உள்ள எங்கள் லா போசா நிறுவனத்துக்கு ஒரு வலைத்தளம் தேவை. இப்படிக்கு, நிர்வாகம்.'

போசா என்றால் குட்டை. அழகான பெயர். நிர்வாகம்! நான் சமையலறைக்கு ஓடினேன்.

"ஈ மாட்டிருச்சு ஸீனியா!"

"அடேயப்பா! என்ன செய்யற நிறுவனமாம்?"

"பாரம்பரிய உணவு." கொஞ்சம் தயங்கினேன். "தமால்."

"ஐயையோ, தமாலா? வெளியில உங்க பேரு என்ன ஆகும்?"

"வீட்டுத் தமால் வேற, நிறுவனத் தமால் வேற. உங்களுக்கு அது புரியாது."

"புரியாதுதான்" என்றாள். திரும்பி நின்று வெங்காயம் நறுக்கினாள். தோள் குலுங்கியது. வெங்காயம் என்று நினைத்தேன்.

அன்றே ஒப்பந்தம் எழுதி அனுப்பினேன். இந்த ஈயை விடுவதாக இல்லை. ஐந்தாவது ஷரத்தைத் தடித்த எழுத்தில் போட்டேன்: 'தளத்தில் காண்பதும் நேரில் காண்பதும் முழுமையாக ஒத்துப்போகும்வரை, எத்தனை திருத்தமானாலும் வடிவமைப்பாளர் தம் பொறுப்பில் செய்து தருவார்.' இருபது நிமிடத்தில் நிர்வாகம் சம்மதித்தது. ஐந்தாவது ஷரத்து மிகவும் பிடித்திருப்பதாகத் தனியாக எழுதியிருந்தது.

பிறகு ஆரம்பித்தது வேலை. வாழையிலைப் பச்சை வேண்டும் என்றது நிர்வாகம். போட்டேன். இது வாடிய இலை என்றது. மாற்றினேன். இது வேகாத இலை. பதினோரு பச்சை. பதினோரு முறையும் நான்கு நிமிடத்துக்குள் பதில் போட்டேன். ஒவ்வொரு முறை நான் அனுப்பும்போதும் சமையலறையில் ஸீனியாவின் ஃபோன் 'டிங்' என்றது.

"அந்தச் சத்தத்தை நிறுத்துங்களேன்! வாடிக்கையாளரோட பேசிக்கிட்டிருக்கேன்."

"நானும்தான் ஒருத்தரோட பேசிக்கிட்டிருக்கேன். ஆமா, இந்த சமையக்கட்டு பல்பு போய் ரெண்டு மாசம் ஆச்சே?"

"வேலையா இருக்கேன் ஸீனியா."

அக்டோபரில் ஒரு கடிதம் இப்படி முடிந்தது: 'பச்சை சரியாக வந்துவிட்டது, என் செல்லமே.'

எங்கள் ஊரில் ரொட்டிக் கடைக்காரிகூட எல்லோரையும் செல்லமே என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் நிர்வாகம் கூப்பிடுமா? ஆக, நிர்வாகம் ஒரு பெண். ரசனை உள்ள பெண். அந்த வரியை மட்டும் வீட்டில் சொல்லாமல் மறைத்தேன். மறுநாள் காலை தலைவாரிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன்.

"யாருக்கு இந்த அலங்காரம்?" என்றாள் ஸீனியா. "கணினிக்குக் கண்ணு முளைச்சிருச்சா?"

"அந்தம்மாகிட்ட இருந்து நீங்க கத்துக்கணும். என்ன வேணும்னு தெளிவாத் தெரிஞ்ச பொம்பளை. மரியாதையாக் கேக்கறாங்க, உடனே நடக்குது."

"குடுத்து வெச்சவரு அந்தம்மா வீட்டுக்காரரு."

"சந்தேகமில்லாம."

முகப்பில் குட்டையின் படம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. தேடி ஒன்று போட்டேன். நீலத் தண்ணீர், நடுவில் அன்னம் இரண்டு. 'அன்னம் வேண்டாம், எங்கள் குட்டையில் தவளைதான்' என்று பதில் வந்தது. அன்னத்தை அழித்தேன். நீலத்தை விட்டேன்.

கடைசியாக முகவரி. வந்த முகவரியைப் பார்த்து எனக்கு நெஞ்சு வலித்தது. 'பழைய சினிமா கொட்டகையிலிருந்து 150 மீட்டர் தெற்கு, 25 மேற்கு, குட்டைக்கு எதிரே.' கொட்டகையை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று அங்கே செருப்புக் கடை. வீட்டு எண்ணைத் தருமாறு பணிவாக எழுதினேன். பதில் வந்தது: 'எங்கள் வீட்டிலும் ஒருவர் எண் எழுதி மாட்டியிருக்கிறார். அவரைத் தவிர யாரும் அதைப் படிப்பதில்லை.'

எந்த ஊரிலும் என்னைப் போல் ஒரு நவீன மனிதன் தனியாகப் போராடிக்கொண்டுதான் இருக்கிறான் என்று தோன்றியது. அவனுக்காக மனதுக்குள் இரங்கிவிட்டு, கேட்ட முகவரியை அப்படியே போட்டேன். நவம்பர் 24, வெள்ளிக்கிழமை மதியம் தளம் திறந்தது. கெடுவுக்கு ஆறு நாள் மிச்சம். ரிகோபெர்த்தோவுக்கு ஃபோன் போட்டு, ஆணிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பது. வாசலில் பதினோரு பேர். முதல் ஆள் தொன் எவேலியோ, ஓய்வுபெற்ற தபால்காரர், கையில் மூடிபோட்ட பாத்திரம்.

"லா போசாதானே? முப்பது தமால் சொல்லியிருந்தேன்."

"இது வீட்டு எண் இருபத்தேழு ஐயா. நீங்க தப்பான முகவரிக்கு வந்துட்டீங்க."

"முப்பத்தோரு வருஷம் தபால் குடுத்தவன் தம்பி நான். தப்பான முகவரிக்கு நான் போனதே இல்ல."

"தளத்துல தெளிவாப் போட்டிருக்கே. நானே போட்டேன். குட்டைக்கு எதிரேன்னு."

அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் வாசல் குழியில் இரவு பெய்த மழை பழுப்பாக நின்றது. ஓரத்தில் ஒரு தவளை உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"இந்த வீட்டுக்கு ஊர்ல பேரே குட்டை வீடுதானே?" என்றார். "உங்களுக்கு யாரும் சொல்லலையா? உங்களை நாங்க குட்டைக்காரர்னுதான் சொல்லுவோம்."

சமையலறையிலிருந்து ஆவி பறக்கும் அண்டாவோடு வெளியே வந்தது நிர்வாகம்.

"வழி விடுங்க என் செல்லமே" என்றது. "சூடா இருக்கு."

பதினோரு பேரும் வாங்கிக்கொண்டு போகும்வரை நான் இலைக்கட்டு எடுத்துக் கொடுத்தேன். பிறகு கதவைச் சாத்தினேன்.

"இது மோசடி ஸீனியா."

"எது? வரிசையில வரச் சொன்னீங்க. வந்தேன்."

"ஈன்னா வெளியில இருந்து வரணும்!"

"அப்படி ஒப்பந்தத்துல இருக்கா? ஒரு ஈன்னு பேச்சு. ஒரு ஈ வந்தாச்சு. கடைக்குப் போக வேண்டாம். சந்தோஷம்தானே?"

"கூலி?"

"மே மாசத்துலேர்ந்து மூணு வேளை சாப்பிட்டீங்களே, அது முன்பணம்." ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "ஆனா தளத்துல ஒரு திருத்தம் இருக்கு."

"இனி ஒரு பச்சைகூட மாத்த மாட்டேன்!"

"பச்சை இல்ல, நீலம். தளத்துல குட்டை சுத்தமா, நீலமா இருக்கு. நேர்ல பழுப்பா இருக்கு. ரெண்டும் முழுமையா ஒத்துப்போற வரைக்கும் உங்க பொறுப்பு. ஐந்தாவது ஷரத்து. தடிச்ச எழுத்து."

"படத்தை மாத்திடறேன். பழுப்பாப் போட்டுடறேன்."

"சாப்பாட்டுக் கடை முகப்புல சேத்துத் தண்ணியைப் போட்டா, வெளியில உங்க பேரு என்ன ஆகும்?"

யோசித்தேன். என் முதல் தளம். என் பெயர் அடியில் இருந்தது. உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. மண்வெட்டி எங்கே என்று கேட்டேன். கதவுக்குப் பின்னால் தயாராகச் சாய்த்து வைத்திருந்தாள்.

குழியை மூட இரண்டு நாள் ஆயிற்று. ஜல்லி ரிகோபெர்த்தோ கடையிலிருந்து வந்தது. அவனே கொண்டுவந்து கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். லா போசா தளத்தைப் பார்த்ததாகச் சொன்னான். அவன் கடைக்கும் அப்படி ஒன்று வேண்டுமாம். "கலைஞரே" என்றுதான் கூப்பிட்டான், ஆனால் கேட்டது நிஜமான வேலை. தொன் எவேலியோவின் மகள் தன் பல் மருத்துவமனைக்குக் கேட்டாள். ஜனவரிக்குள் நான்கு வேலை. ஆர்டர் எடுப்பது ஸீனியா. ஒப்பந்தம் எழுதுவதும் ஸீனியா. அவள் எழுதுவதில் ஐந்தாவது ஷரத்து கிடையாது.

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, என் தளத்தின் முகவரி திருத்தப்பட்டது: பழைய சினிமா கொட்டகையிலிருந்து 150 மீட்டர் தெற்கு, 25 மேற்கு, முன்பு குட்டை இருந்த இடத்துக்கு எதிரே, ஸீனியாவின் வீட்டுக்காரர் என்று கேட்கவும்.