ஒரு பெட்டி யானை

சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு பெட்டி பீங்கான் யானையை அனுப்பாவிட்டால் பூங்கோதையின் கடையைப் பூட்டிவிடுவார்கள். கடை என்றால் விருத்தாசலம் கடைத்தெருவில் இருக்கிற கடை இல்லை. போனுக்குள்ளே, ‘எட்டூர் சந்தை’ ஆப்பில் இருக்கிற கடை. கொலு நெருங்குகிற நேரம். இப்போது பூட்டினால் வருஷத்துப் பிழைப்பே போச்சு.

யானை இல்லாமல் இல்லை, சூளைக்குள் இருக்கிறது. வெந்து முடிந்து ஆறிக்கொண்டிருக்கிறது. நாளைக்குத்தான் கதவைத் திறக்கலாம். ஆனால் ஆப்பில் ‘கையிருப்பு உண்டு’ என்று போட்டுவிட்டாள். அவளை மட்டும் சொல்வானேன், இந்த ஊர் பொம்மைக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். சூளைக்குள் ஏற்றிவிட்டால் அது கையிருப்பு.

“லேசா தொறந்து வுடட்டா?” என்றான் புருஷன் நந்தகுமார். “காத்து போனா சீக்கிரம் ஆறிடும்.”

“வேணாங்க. சூடு அடங்கலை.”

“ஒரு விரக்கடைதான் தொறக்கறேன்.”

திறந்தான். உள்ளே டிங் என்றது. அப்புறம் டிங், டிங்.

“என்னங்க சத்தம்?”

“யானைதான்.”

“அது ஏன் சத்தம் போடுது?”

“வெடிக்குது.”

பூங்கோதை தலையில் கை வைத்துக்கொண்டாள். கொக்கி போட்டு ஒன்றை வெளியே இழுத்துப் பார்த்தான் நந்தகுமார்.

“தும்பிக்கை மட்டுந்தான் போயிருக்குது. மத்தபடி நல்லாத்தான் இருக்குது.”

“தும்பிக்கை இல்லாட்டி அது பன்னிங்க!”

வேறு வழியில்லை, யாரிடமாவது வாங்கித்தான் அனுப்ப வேண்டும். அடுத்த தெரு செந்தமிழன் யானை செய்கிறவன்தான். ஆனால் போன வருஷம் பூங்கோதையின் யானை அச்சைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டான் என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேசாமல் ஆப்பில் தேடினாள். ‘செந்தமிழன் பொம்மைகள். கையிருப்பு உண்டு. இன்றே அனுப்பப்படும்.’ ஆப்பில் வாங்குபவர் பேர் தெரியாது, நல்லதாகப் போயிற்று. ஆர்டர் போட்டாள்.

நிம்மதியாக ஒரு வாய் டீ குடித்திருக்க மாட்டாள், போன் மணி அடித்தது. புது ஆர்டர். ஒரு பெட்டி யானை. ஐந்து மணிக்குள்.

“பாத்தியா, நமக்கு நேரம் நல்லா இருக்குது!” என்றான் நந்தகுமார்.

“வாயை மூடுங்க.”

அந்த ஆர்டருக்காக பஸ் ஸ்டாண்டு பக்கம் சூளை வைத்திருக்கிற காசியம்மாளின் கடையில் ஒரு ஆர்டர் போட்டாள். மனசு கேட்காமல் போனிலும் கூப்பிட்டாள்.

“அக்கா, யானை அனுப்பிட்டீங்களா?”

“நீயாடி அது? எங்கிட்ட ஏதுடி யானை? இன்னும் வேவுது. செந்தமிழங்கிட்ட போட்டு வுட்டிருக்கேன்.”

“அவருகிட்டதாங்க்கா நானும் போட்டிருக்கேன்!”

“அந்தப் பய யாருகிட்ட போட்டு வுட்டானோ?”

பூங்கோதையின் போன் மறுபடி மணி அடித்தது. புது ஆர்டர். ஒரு பெட்டி யானை.

“எங்கிட்டதாங்க்கா” என்றாள்.

காசியம்மாள் பொரிந்து தள்ளினாள். “மண்ணு நம்மளுது, சூளை நம்மளுது, வேவறது நாம. பூட்டு மட்டும் அந்த ஆப்புக்காரன் கையில! இதுல ஒவ்வொரு சுத்துக்கும் கமிஷன் வேற. ஏன்டி, நமக்குள்ள போட்டதை நாமளே கேன்சல் பண்ணிப்போம். செந்தமிழங்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“சரிக்கா. ஆனா காலையில வந்த மொத ஆர்டரு?”

“அது எவளோ மெட்ராஸ்காரி கொலு வைக்கக் கேட்டிருப்பா. அவளுக்கு நீதான் பதில் சொல்லணும்.”

இருந்த ஒரே வழி பசை. நந்தகுமார் தும்பிக்கைகளை ஒட்ட ஆரம்பித்தான். அவசரத்தில் ஒரு யானைக்குத் தும்பிக்கை காது பக்கம் போயிற்று. இன்னொன்றுக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில்.

“இது எந்த ஊரு யானைங்க?”

“பொட்டிக்குள்ள வச்சா எவனுக்குத் தெரியப் போகுது?”

வாசலில் ஆட்டோ நின்றது. ஆப்புக்காகச் சரக்கு எடுக்க வருகிற திருமால். பூங்கோதை பெட்டியை டேப் சுற்றி நீட்டினாள்.

“பிரிச்சு போட்டோ எடுக்கணும்க்கா. புது ரூலு.”

“ஈரமா இருக்குது தம்பி.”

“பீங்கான்ல என்னாக்கா ஈரம்?”

பிரித்தான். ஒரு தும்பிக்கை உருண்டு வந்து அவன் செருப்பின் மேல் விழுந்தது. ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

“இதை போட்டோ புடிச்சா கடையைப் பூட்டிடுவாங்கக்கா.”

“தம்பி, உனக்குப் புண்ணியமா போவும். ஏதாவது பண்ணுப்பா. இந்த வூட்ல அடுப்பு எரியறதே அந்தக் கடையாலதான்.”

திருமால் யானைகளைப் பார்த்தான். பூங்கோதையைப் பார்த்தான். பிறகு திரும்பி நின்று தன் போனில் என்னவோ தட்டினான்.

பூங்கோதையின் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ‘வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். உங்கள் மீது தவறில்லை.’

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “எந்த மகராசியோ, கடைசி நேரத்துல மனசு மாறுனா! அவ கைக்கு நான் வளவி போட்டு அழகு பாக்கணும்.”

திருமால் பெட்டியை மூடிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“வளவி வேணாங்கக்கா. ஒரு நாளைக்கு ஒரு பிக்கப்பாவது வரலன்னா ஆப்புல எங்க ஐடியையும் பூட்டிடுவாங்க, அதான் காலையில நானே அந்த ஆர்டரைப் போட்டேன்.”