காரணிப்படுத்தப்பட்ட அறை

ஏழு மீட்டர் வரைக்கும் கார்ப்பெட் ஒழுங்காகத்தான் விரிந்தது. அதன்பிறகு சுவரில் முட்டிக்கொண்டு, மேலே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்னும் ஐந்து மீட்டர் சுருளாகவே பாக்கி.

“ரூம் ‘ட’ மாதிரி இருக்கு, கார்ப்பெட் கோடு மாதிரி இருக்கு. எப்படி சார் உக்காரும்?” என்றார் டைப்பிஸ்டம்மா.

துணை மேலாளர் குனிந்து சுருளை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் அவர். இந்தச் செய்தி அலுவலகத்துப் பூந்தொட்டிகளுக்குக்கூடத் தெரியும். முகத்துக்கு நேரே அவர் ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘ஃபார்முலா’.

அன்று மாலை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வருகிறார். பெரியவர் வரும்போது யார் எங்கே இருக்கிறார்களோ, ஓய்வுபெறும் வரை அதுதான் அவர்கள் இடம் என்பது அங்கே எழுதாத சட்டம். போன தடவை அவர் வந்தபோது பல்பு மாட்ட ஏணியில் நின்ற குமாஸ்தாவுக்கு இன்றைக்கும் ஏணிக்குப் பக்கத்தில்தான் மேசை. கதவு உள்ள அறை மொத்தம் ஒன்றே ஒன்று. அதில் இத்தனை நாளாக ஃபார்முலா உட்கார்ந்திருந்தார். கணக்கு அதிகாரிக்கு அதன்மேல் ஒரு கண். கார்ப்பெட்டின் மேல் உட்கார்ந்து பெரியவர் பார்வையில் பட்டுவிட்டால், பிறகு எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது. நல்லவேளையாக, காலையில் யாரோ கதவோரம் ஒரு கார்ப்பெட் சுருளை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

“ஏழாவது மீட்டர்ல கத்திரிச்சு, மிச்சத்தைத் திருப்பிப் போட்டா முடிஞ்சுது சார்.”

“கத்திரிக்கிறதா! ஆபீஸ் சொத்தும்மா இது. கார்ப்பெட் முழுசா இருக்கணும். மாற வேண்டியது அறை.”

“அறையை எப்படி சார் மாத்துறது?”

“காரணிப்படுத்தணும்.”

சாக்பீஸ் வந்தது. சுவரே கரும்பலகையானது.

“இந்த அறை முதல்ல ஏழுக்கு ஏழு சதுரம். அதோட மூலையில அஞ்சுக்கு அஞ்சு சதுரத்தை லிஃப்ட் மோட்டாருக்குன்னு சுவர் வச்சு அடைச்சுட்டாங்க. அப்போ என் அறைங்கிறது என்ன? ஏழோட வர்க்கத்துல அஞ்சோட வர்க்கத்தைக் கழிச்சது. ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர். காரணிப்படுத்தினா?”

“ஏ பிளஸ் பி, இன்ட்டூ ஏ மைனஸ் பி சார்,” என்றார் கணக்கு அதிகாரி பணிவாக.

“ஏழும் அஞ்சும் பன்னிரண்டு. ஏழுல அஞ்சு போனா ரெண்டு. பன்னிரண்டு மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் அகலம். கார்ப்பெட்டோட அளவு! இந்த ஆபீஸ்ல அந்த அளவுல எது இருக்கு?”

எல்லாரும் கதவுக்கு வெளியே பார்த்தார்கள். கழிப்பறை வரை நீண்டு கிடந்தது வராந்தா.

“அது போக வர்ற வழி சார்,” என்றார் டைப்பிஸ்டம்மா.

“வழி இல்லம்மா. காரணிப்படுத்தின என் அறை.”

கார்ப்பெட் வராந்தாவில் சுவருக்குச் சுவர் அப்படியே படுத்துக்கொண்டது. ஃபார்முலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேசை வந்தது, நாற்காலி வந்தது. பாதி வராந்தா அடைபட்டது.

ஏணிக் குமாஸ்தா கழிப்பறைக்குப் போகும்போது பக்கவாட்டில் நழுவினார். திரும்பி வந்தவர் எதிரே வந்தவர்மேல் மோதினார்.

“போறவங்க ஏ பிளஸ் பி பக்கம், வர்றவங்க ஏ மைனஸ் பி பக்கம்!” என்று உத்தரவு போட்டார் ஃபார்முலா.

“அவசரத்துல வர்றவன் எது பிளஸ் எது மைனஸுன்னு பார்த்துட்டா இருப்பான் சார்?” என்றார் குமாஸ்தா.

“என் அறைக்குள்ள கதவைத் தட்டாம வந்துட்டு கேள்வி வேற!”

“கதவு எங்க சார் இருக்கு?”

நியாயமான கேள்வி. கதவுக்குப் பதிலாக ஒரு பீரோவை இழுத்துக் குறுக்கே நிறுத்தினார். அறைக்கு மரியாதை வந்தது. கழிப்பறைக்குப் பாதை போனது. பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் கால் மாற்றி நின்றது. உள்ளே போயிருந்த காசாளர், “நான் எப்படிய்யா வெளிய வர்றது?” என்று கத்தினார். பீரோவை நகர்த்த வேண்டும் என்றால் அதிலிருந்த கோப்புகளை இறக்க வேண்டும்.

“உங்க பழைய ரூம் சும்மாதானே சார் கிடக்கு? கோப்புகளை எல்லாம் அங்க வச்சுட்டு, காணாமப் போகாம நான் பார்த்துக்கறேன்,” என்றார் கணக்கு அதிகாரி.

“தாராளமா வைங்க. அது வெறும் சமன்பாட்டோட இடது பக்கம். வலது பக்கம் கண்டுபிடிச்ச பிறகு இடது பக்கத்துக்கு என்ன மதிப்பு?”

“ரெண்டும் சமம்னு இப்பதானே சார் சொன்னீங்க?” என்றார் டைப்பிஸ்டம்மா.

“வாயை மூடிட்டு வேலையைப் பாரும்மா.”

பீரோவைக் காலி செய்து ஓரமாக நகர்த்தினார்கள். கோப்புகள் போயின. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நாற்காலி போனது. நாற்காலியில் உட்காரக் கணக்கு அதிகாரி போனார்.

பெரியவர் வந்ததும் ஃபார்முலா எழுந்து விறைத்து நின்றார். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாத்ரூம் எந்தப் பக்கம்ப்பா?”

“ஏ பிளஸ் பி பக்கமா நேராப் போங்க சார்!”

“பரவால்லையே. வழி சொல்லக்கூட ஆள் போட்டிருக்கீங்க,” என்று மெச்சிக்கொண்டே போனார் பெரியவர். திரும்பும் வழியில் ‘ட’ அறைக்குள் எட்டிப் பார்த்தார். கோப்புகளுக்கு நடுவே ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். உழைப்பாளி என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

சட்டம் சட்டம்தான். இனி ஓய்வுபெறும் வரை ஃபார்முலா வராந்தாவில்தான்.

டைப்பிஸ்டம்மாவுக்கே பாவமாக இருந்தது. “விடுங்க சார், மனசை விட்டுடாதீங்க.”

“எனக்கென்னம்மா வருத்தம்?” செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கார்ப்பெட்டைத் தடவினார் ஃபார்முலா. “அறை யாருக்கு வேணும்னாலும் கிடைக்கும். கார்ப்பெட் மேல உக்காந்திருக்கிறது இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான்.”

அப்போது தோளில் இன்னொரு சுருளோடு மேலே ஏறி வந்த கார்ப்பெட் கடைக்காரர், கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வராந்தாவுக்குன்னு கொண்டாந்ததை நீங்களே விரிச்சு வச்சுட்டீங்களா, ரொம்ப சந்தோஷம்; கொஞ்சம் காலை எடுங்க சார், ‘ட’ மாதிரி வெட்டினதை உள்ள இருக்கற ஐயா ரூமுக்குக் கொண்டுபோகணும்.”