புரட்டாசியில் ஒரு தூண்டில்

வருஷம் முழுக்கச் சைவமாக இருப்பவனுக்கு, மற்றவர்கள் எப்போது சைவமாக இருக்கிறார்கள் என்று தெரியாது. இந்த ஞானம் எனக்கு வந்தபோது வடபழனியில் ஒரு வீட்டு வாசலில், கையில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தேன்.

தி. நகர் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த கவிதாவைக் காதலித்தேன். நான் மயிலாப்பூர் தயிர்சாதம். அவள் அப்பா சினிமாவில் லைட்மேன். ஷூட்டிங் இல்லாவிட்டால் ஏரி ஏரியாகப் போய்த் தூண்டில் போடுகிறவர். "நம்ம வூட்டு மீன் கொழம்பு வாசனைக்கே மயங்கி வுழுந்துடுவான். இவன் எப்டி நம்மளோட ஒட்டுவான்?" என்று கேட்டுவிட்டார். எங்கள் கல்யாணம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

சரி, அவரை நானே மீன் பிடிக்க அழைத்துப் போகிறேன் என்று முடிவு செய்தேன். கவிதாவிடம்கூடச் சொல்லவில்லை. (சர்ப்ரைஸாம்!) செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் சொல்லி, வீடியோ பார்த்து முடிச்சுப் போடக் கற்றேன். மொட்டை மாடியில் வீசிப் பழகியதில் பக்கத்து வீட்டு மாமியின் மடிப் புடவை மாட்டியது. (நான் இதுவரை பிடித்ததிலேயே பெரியது அதுதான்.) மண்புழுக்களைத் தயிர் டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை அம்மா அலறினாள். "டேய், தயிர் டப்பால என்னமோ நெளியறதுடா!"

"ஆபீஸ் வேலைம்மா."

"ஏன், உங்க ஆபீஸ்ல புழு வளக்கறாளா? முதல்ல எடுத்துண்டு போ. ஆத்துல இன்னிக்கு மாவிளக்கு போடணும்!"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை என்று தெரியும். மாவிளக்கு மாவை வருஷா வருஷம் வழித்துத் தின்கிறவன்தானே. அந்த மாதம் பாதி ஊர் மீனையும் கறியையும் விட்டுவிடுகிறது என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. எங்கள் வீட்டில் விடுவதற்கு என்ன இருக்கிறது?

டப்பாவும் தூண்டிலுமாகக் கவிதா வீட்டுக்கு நேரில் அழைக்கப் போனேன். உள்ளே "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஒரே சத்தம். சொந்தக்காரர்கள் கூடியிருக்க, அவள் அப்பா பட்டையாக நாமம் போட்டுக்கொண்டு, பெருமாளுக்குப் படையல் இலை போட்டுக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நாளைக்கு நாம மீன் பிடிக்கப் போறோம்! எல்லாம் ரெடி!" என்று தூண்டிலை உயர்த்திக் காட்டினேன்.

கோவிந்தா பாதியில் நின்றது.

"இன்னா நைனா, கிண்டலா? புரட்டாசில சாமிக்குப் படச்சிக்கினு கீறோம், மீன் புடிக்கக் கூப்புட்டுகினு வந்து நிக்கிற?"

பதறிப்போய்க் கை கூப்பினேன். கையில் டப்பா இருந்தது ஞாபகமில்லை. அது விழுந்து, மூடி தெறித்து, புழுக்கள் சர்க்கரைப் பொங்கலைப் பார்க்கப் புறப்பட்டன. கவிதா என்னை யாரோ மாதிரி பார்த்தாள்.

வடபழனி பஸ் டிப்போவில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு அழுதேன். வாழ்க்கையில் அவ்வளவு நம்பிக்கையற்றுப் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேன்காரர் வேறு போன் செய்து, "சார், நாளைக்கு எத்தினி மணிக்கு?" என்றார்.

கவிதா வீட்டில் மாதக்கணக்கில் சண்டை போட்டுத்தான் கல்யாணம் நடந்தது. மாமனார் ஒரே நிபந்தனையோடு இறங்கி வந்தார். "கட்டிக்கட்டும். ஆனா நாள் குறிக்கசொல்ல இவன் வாயத் தொறக்கக் கூடாது."

அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. போன மாதம் என் மகளுக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெற்ற தகப்பனாயிற்றே என்று, "வர்ற ஞாயித்துக்கிழமை..." என ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு!" என்று இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் கத்தின. அதில் அம்மாவின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.