தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன்

தண்டவாளம் கிடையாது, ரயில் கிடையாது, பிளாட்பாரம் கிடையாது. இவை எதுவும் இல்லாமல் ஒரு ரயில்வே ஸ்டேஷனைக் குறைவின்றி நடத்திய மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். அவருடைய பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார். அதை யாரும் படித்ததாக நினைவில்லை. எங்களுக்கு அவர் டேசன் ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரர். மலாக்காவுக்குப் போகும் கிளைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தவர். ஜப்பான்காரன் வந்து அந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனான். போர் முடிந்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், தண்டவாளம் திரும்பி வரவில்லை. ஐயாவை ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, கைவிளக்கு, விசில், தொப்பி ஆகியவற்றை அவர் ஒப்படைக்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

எங்கள் தெரு டுரியான் துங்கால் போகும் வழியில், அந்தப் பழைய ரயில் மேட்டுக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. கணக்கு எழுதும் கிராணிகள், வாத்தியார்கள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் என்று மாதச் சம்பளக்காரர்கள் சேர்த்து வைத்து வாங்கிய பலகை வீடுகள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கி எடுத்து, அவசர காலச் சட்டம் வந்ததும் வீடுகளைச் சுற்றி சர்க்கார் முள்கம்பி வேலி போட்டது. ஒரே ஒரு கேட். இருட்டும் நேரத்தில் ஒரு மலாய் போலீஸ்காரர் சைக்கிளில் வந்து பூட்டுவார், விடிந்ததும் திறப்பார். பூட்டிய பிறகு வெளியில் நடமாடுகிறவர்களைச் சுடலாம் என்று உத்தரவு இருந்தது. வேலியைப் பழுது பார்ப்பது, ஓரத்துப் புல்லை வெட்டுவது, எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்ப்பது எல்லாம் வீட்டுக்காரர்கள் பொறுப்பு. அதற்கு ஒரு சங்கம் அமைக்கச் சொன்னார்கள்.

தலைவராக யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது நாங்கள் அனைவரும் தரையைப் பார்த்தோம். டேசன் ஐயா மட்டும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல.

மறுநாள் காலை பனிக்குள்ளிருந்து ஒரு மணிச் சத்தம் வந்தது. வெளியே வந்து பார்த்தால் ஐயா வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகக் கேட்டருகே நிற்கிறார். பக்கத்தில் ஒரு துண்டு தண்டவாளம் தொங்குகிறது. ஜப்பான்காரன் அவசரத்தில் விட்டுப்போன துண்டாம். சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டவர்களுக்கு ஐயா பச்சைக் கொடி காட்டினார். டிரசர் தயங்கி நின்றார்.

“ஏன் நிக்கிறீர்? லைன் கிளியர்” என்றார் ஐயா.

“நான் ஆஸ்பத்திரிக்குத்தான்லா போறேன், ஐயா.”

“எங்கையெண்டாலும் போம். நேரத்துக்குப் போம்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிப் பரிசோதனை. ரயில் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தூணையும் தட்டி, காதை வைத்துக் கேட்பார். “இதுக்கு நெஞ்சுச் சளி” என்பார். சொல்லிவைத்தாற்போல அந்தத் தூண் அடுத்த மழையில் சாயும். ஒருநாள் வேலிக் கம்பியில் டிரசரின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஐயா அதற்குக் கீழே சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் போய்விட்டார். சிவப்புக் கொடியைப் பார்த்த போலீஸ்காரர் காட்டுக்குள் இருப்பவர்கள்தான் நட்டுவிட்டுப் போனார்கள் என்று நினைத்து லாரி நிறைய ஆட்களைக் கூட்டிவந்தார். டிரசர் துண்டோடு நின்று வேட்டிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகுதான் தகர முறை வந்தது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு செக்‌ஷன்; டிரைவர் ஒரு டோக்கனைக் கையில் வாங்காமல் அதற்குள் வண்டியை எடுக்க முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் அதைக் கொடுத்த பிறகுதான் அடுத்த வண்டிக்கு வழி. அதையே ஐயா எங்களுக்கும் வைத்தார். பால் டின் மூடிகளைச் சீராக வெட்டி, ஆளுக்கு ஒன்றாக எண் குத்தி, கேட்டருகே பலகையில் ஆணியடித்து மாட்டினார். வெளியே போகிறவர் தன் தகரத்தை எடுத்துப் போக வேண்டும். வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் வெளியில்.

ஒருநாள் மாலை டிரசரின் ஆணி வெறுமையாக இருந்தது. தெருவே கூடி ரப்பர் காட்டைப் பார்த்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. டிரசரும் எங்களோடு நின்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் பேர் என்பது அவருக்கு உறைத்தது. தகரம் அவர் வீட்டு மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் இருந்தது. டிரசர் வீட்டு ஆடு ஒன்றும் வெளியே மேயப் போகும். அதற்கும் கழுத்தில் தகரம். அந்தத் தெருவில் ஒருநாளும் விதி மீறாத ஒரே ஜீவன் அதுதான்.

என் மனைவி ரெஜினா நேர் எதிர். எங்களுக்குத் திருமணமான புதிது. அவள் மலாக்கா டவுனில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். வேலியோரம் அவள் போட்டிருந்த பாகற்கொடி கம்பியில் ஏறிவிட்டது. வேலியில் எதுவும் படரக் கூடாது, காவல்காரன் கண்ணை மறைக்கும் என்று ஐயா அதை அறுத்தார். அறுத்ததோடு நிற்காமல் காய்களைக் கழுவி, தட்டில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

“நீங்களே கறி ஆக்கிச் சாப்பிடுங்க” என்று கதவைச் சாத்தினாள் ரெஜினா.

அவர் அப்படியே செய்தார். அன்று பகல் முழுவதும் தெருவெல்லாம் பாகற்காய் வாசனை. அதுதான் அவளை அதிகம் எரிச்சலூட்டியது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவள் தகரத்தைத் தொடாமல் கேட்டைத் தாண்டினாள்.

“பிள்ளை, டோக்கன்.”

“நான் என்ன கூட்ஸ் வண்டியா, ஐயா?”

“கூட்ஸுக்கும் வேணும், மெயிலுக்கும் வேணும்.”

“அப்ப என்னைய ஆடுன்னு நெனச்சிட்டீங்களா? அதுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு கட்டியாச்சே.”

ஐயா கொடியைக் காட்டவில்லை. அவள் போனாள். தகரம் ஆணியிலேயே தொங்கியது.

அன்று மாலை பஸ் வரவில்லை. வழியில் எங்கோ சாலையை மறித்துச் சோதனை என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். ரப்பர் மரங்களுக்கு அடியில் இருட்டு முதலில் வந்து, பிறகு மெல்ல வானத்துக்கு ஏறியது. மற்ற எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். பலகையில் ஒரு ஆணிகூட வெறுமையாக இல்லை. போலீஸ்காரர் பூட்டை எடுத்தார்.

“துத்தூப்லா, ஐயா. சுடா கெலாப்” என்றார். இருட்டிவிட்டது, மூடுவோம் என்று.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கணக்குப்படி ரெஜினா வீட்டில் இருந்தாள். கேட் பூட்டப்பட்டால் அவள் விடியும்வரை வெளியில். நடந்து வந்தால் சுடுவார்கள். “ஐயா” என்றேன்.

ஐயா கையை நீட்டி அவள் தகரத்தை ஆணியிலிருந்து எடுத்தார். கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெறும் ஆணியைப் போலீஸ்காரரிடம் காட்டினார்.

“பெலும். கெரேத்தா ஆப்பி பெலும் சம்பை.”

ரயில் இன்னும் வரவில்லை என்கிறார். போலீஸ்காரர் ரயில் போய்ப் பல வருஷமான அந்த மேட்டுப் பாதையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஐயாவைப் பார்த்தார். பூட்டைக் கீழே இறக்கினார்.

“வண்டி செக்‌ஷனிலை நிக்கேக்கை ஸ்டேசனை மூடுறேல்லை” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஐயா கைவிளக்கைப் பச்சைக்குத் திருப்பி ஏற்றினார். நானும் வருகிறேன் என்று ஓடினேன். தடுத்தார்.

“நீர் பசஞ்சர். நில்லும்.”

“ஐயா, மாஸ்டர் ஸ்டேஷனை விட்டுப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“ஓம், அப்பிடியும் ஒரு ரூல் இருக்கு. அதைப் பிறகு பாப்பம்.” தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். சிவப்புக் கொடியைக் கையில் கொடுத்தார். “நான் வருமட்டும் நீர்தான் மாஸ்டர்.”

அந்தத் தொப்பி என் கண்வரை இறங்கியது. நான் கேட்டின் குறுக்கே கொடியை நீட்டிப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் போலீஸ்காரர் துப்பாக்கியோடு நின்றார். இரண்டு பேருக்கும் என்ன செய்கிறோம் என்று தெரியாது. பச்சை விளக்கு பழைய ரயில் மேட்டில் ஏறி, ஆடி ஆடிச் சிறிதாகி, பனியில் கரைந்துபோனது. யாரும் சுட்டுவிடாமல் இருக்க, ஐயா விட்டு விட்டு விசில் ஊதிக்கொண்டே போனார். பிறகு அதுவும் கேட்கவில்லை. பூச்சிகளின் சத்தம் மட்டும்.

மற்றதை ரெஜினா சொல்லித்தான் தெரியும். பஸ் அவளைப் பெரிய சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. காட்டைப் பார்க்கவும் பயம், சாலையைப் பார்க்கவும் பயம். நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறாள். அப்போது மேட்டுப் பாதையில், தரையைத் தொடாததுபோல், ஒரு பச்சை வெளிச்சம் வந்தது. அது அருகில் வந்து நின்றது. பயப்படாதே என்றோ, வா போகலாம் என்றோ அது சொல்லவில்லை. தகரத்தை நீட்டியது.

“பிள்ளை, டோக்கன் இல்லாமல் செக்‌ஷனுக்குள்ளை வாறேல்லை.”

ரெஜினா வாங்கிக்கொண்டாள்.

விசில் மறுபடி கேட்டபோது நான் கொடியை இறக்கிவிட்டேன். முன்னால் விளக்கு, பின்னால் அவள். அந்தப் பாதையில் ரயில் வரும் சத்தம் எனக்கு அன்று கேட்டது. இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் யாரையும் பார்க்காமல் பலகைக்குப் போய்த் தகரத்தை மாட்டினாள். ஐயா தண்டவாளத் துண்டை ஒருமுறை தட்டிவிட்டு, “இப்ப மூடலாம்” என்றார். என் தலையிலிருந்து தொப்பியை எடுத்து, உள்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு எங்கள் கொல்லையில், வேலியிலிருந்து விதிப்படி தள்ளி, ஒரு மூங்கில் பந்தல் நின்றது. யார் கட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பாகற்கொடி மறுபடி ஏறியது. முதல் காய்களைப் பறித்து ரெஜினாவே கறி ஆக்கி ஐயா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். “உப்புக் கொஞ்சம் குறைவு” என்று பதில் வந்தது.

பிறகு எங்கள் பக்கத்தை, கம்யூனிஸ்ட் பயம் தீர்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். ஊரடங்கு போயிற்று, வேலியைப் பிரித்தார்கள். தெருவே சிரித்தது. கேட்டை லாரியில் ஏற்றும்போது ஐயா மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவையாக அவருடைய ஸ்டேஷனைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொஞ்ச காலம் பலகையைத் தன் வீட்டு வாசலில் மாட்டி வைத்திருந்தார். நாங்களும் கேட்டே இல்லாத தெருவில் தகரம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தோம். பிறகு அவர் யாழ்ப்பாணம் போனார். போவதற்கு முன் அவரவர் தகரத்தை அவரவரிடம் கொடுத்தார். ஆட்டினுடையதை டிரசரிடம் கொடுத்தார்.

இப்போது நாங்கள் புக்கிட் காத்திலில் இருக்கிறோம். வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஆணி. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாலும் மாதா கோயிலுக்குப் போனாலும் ரெஜினா அந்தத் தகரத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். மாலையில் அன்றைய பக்கத்தை முடித்தாலும் கடைசிக் கோட்டைப் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்கும். ஆணியில் தகரம் தட்டும். பிறகுதான் கோடு போடுவேன்.