மிச்சமாகிப் போன பச்சை ஒயர்

அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி. ஒன்றும் தெரியாதவன் கரண்ட் பக்கமே போகமாட்டான். முழுதும் தெரிந்தவன் மெயினை அணைத்துவிட்டுத் தொடுவான். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன்.

அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் குமாஸ்தா. அங்கே கத்தி தீட்டும் மெஷினுக்கு உண்டான சுவிட்சு, சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு அந்தப்பக்கச் சுவரில் இருந்தது. ஒருநாள் ஒருவருடைய துண்டு மெஷினில் சிக்கிக்கொள்ள, அணைப்பதற்கு நாலு பேர் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். (துண்டு போயிற்று, ஆள் தப்பினார்.)

"மெஷின் பக்கத்துலயே ஒயர்ல ஒரு சுவிட்சு வேணும்" என்றார் மானேஜர் கபூர் பாய்.

"நான் போடறேன் பாய்."

சரியாகப் போட்டால் என்னை வயர்மேனாக்குவதாகச் சொன்னார். அந்த வேலைக்காக உயிரையே கொடுக்கலாம் என்றிருந்தேன். (கொஞ்சம் பிசகியிருந்தால் கொடுத்தும் இருப்பேன்.)

ஒயரை அறுத்தால் உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று. சுவிட்சிலோ இரண்டே திருகு. சிவப்பைப் பார்த்தாலே பயம், அதனால் அதைப் பழையபடி சேர்த்துவிட்டேன். சாதுவாகத் தெரிந்த கறுப்பைச் சுவிட்சில் மாட்டினேன். பச்சை மிச்சம். மடக்கி டேப் சுற்றிவிட்டேன்.

சுவிட்சைத் தட்டினால் மெஷின் ஓடியது, மறுபடி தட்டினால் நின்றது. நின்ற மெஷின் மேல் கையை வைத்து, "பாருங்க பாய், ஒண்ணும் ஆகாது" என்றேன். நான் நின்றது காய்ந்த தோல் அடுக்கின் மேல். பாய் நின்றது ஈரத் தரையில், வெறுங்காலோடு.

தொட்டவர் பின்னால் தெறித்து, ஆட்டுமயிர்க் குவியலில் போய் உட்கார்ந்தார்.

"இன்னாப்பா, நின்னுடுச்சின்னு சொன்னே? உள்ள உசுரோட கீதே" என்றார் மெதுவாக.

வெளியிலிருந்து வயர்மேன் சுந்தரத்தை அழைத்து வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துக் கணக்குக் காப்பியடித்தவன்.

"பச்சை எங்கடா?"

"மிச்சமா இருந்தது."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். "மோட்டார்ல ஈரம் ஏறி பாடியில கரண்ட் ஒழுகுது. அதைத் தரைக்குக் கொண்டுபோறதே பச்சைதான். சுவிட்சைச் சிவப்புல போடணும். கறுப்புல போட்டா மெஷின் நிக்கும், கரண்ட் உள்ளயே இருக்கும்."

மோட்டாரைக் காயவைத்து, பச்சையை அறாமல் சேர்த்து, சிவப்பைச் சுவிட்சுக்குக் கொடுத்தான். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போறே?" என்றார் பாய். "ஆறு மாசம் சுந்தரம் கூட சுத்தி, வேலை கத்துக்கினு வா. பச்சையை இனிமே நீ வுட மாட்டே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கற்றுக்கொண்டேன், வயர்மேனாகவே ஓய்வும் பெற்றேன். கெட்ட நேரம், கதையை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் வீட்டில் நான் "ஒண்ணும் ஆகாது" என்று வாயெடுத்தால் போதும், பேரன் வரைக்கும் ஒரே பதில்தான்:

"தரையில எறங்கி நின்னு சொல்லு தாத்தா."