குப்பை இல்லாத காட்டுக்கு வந்த குப்பைத் திட்டம்

ஒரு காட்டில் குப்பையே இல்லை. அந்தக் காட்டுக்கு வேறு குறை எதுவும் இல்லாததால், இதையே பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காடு இருந்தது ஐரோப்பாவில். ஓக் மரங்கள் நிறைந்த காடு. இலையுதிர் காலத்தில் மரங்கள் இலைகளைக் கொட்டிவிட்டு, குளிர்காலம் முழுக்கப் பனியைச் சுமந்துகொண்டு நிற்கும். அங்கே விலங்குகள் பேசுவது வேறு மொழி. நான் எனக்குத் தெரிந்த தமிழில் அவற்றைப் பேச விடுகிறேன்.

நான் யார் என்று கேட்டால், ஒரு காகம். திட்டங்களுக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். எழுதும் இறகு என் சொந்த இறகு. கருத்து மட்டும் அறிக்கை கேட்கிறவர்கள் கொடுப்பது. “நிலைத்த, உள்ளடக்கிய, பன்முகத் தாக்கம்” என்ற தொடரை அந்த வட்டாரத்தில் முதலில் எழுதியவன் நான்தான். அதற்கு என்ன பொருள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

சுற்றுவட்டாரக் காடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஒன்றியம் வைத்திருந்தன. ஒவ்வொரு விலங்கும் தன் கொட்டையிலும் கிழங்கிலும் ஒரு பங்கை ஒன்றியத்துக்குக் கொடுக்கும். ஒன்றியம் அதைப் பொதுநன்மைக்குச் செலவழிக்கும். ஒரு வசந்தத்தில் ஒன்றியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மறுசுழற்சி, தொழில்முனைவு, தொழிற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்தில் புதுமையாகச் செய்பவர்களுக்கு நிதி உண்டு. ஆனால் மூன்று காடுகளாவது கூட்டுச் சேர வேண்டும்.

எங்கள் காட்டு நரியார் அறிவிப்பைப் படித்தார். அவருக்கு வாயில் நீர் ஊறியது. ஏரிக்கரைக் காட்டிலிருந்து நாரையாரையும், மலை உச்சியிலிருந்து மலையாட்டாரையும் கூட்டுச் சேர்த்தார். மலை உச்சியில் மரமே கிடையாது. அதைக் காடு என்று சொல்லலாமா என்று நாரையார் சந்தேகப்பட்டார். நான் “எதிர்காலக் காடு” என்று எழுதி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தேன்.

காட்டின் குப்பையைப் பாதியாகக் குறைப்போம் என்று விண்ணப்பத்தில் வாக்குக் கொடுத்தோம். திட்டத்துக்குச் சின்னம் வரைவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பச்சை வட்டத்துக்குள் ஓர் அம்பு தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு ஓடும். கதை என்பதால் கோடையிலேயே ஒப்புதல் வந்துவிட்டது.

காட்டில் இப்போது எவ்வளவு குப்பை இருக்கிறது என்று அளப்பதுதான் முதல் வேலை. நாரையார் பறந்து பார்த்தார். நரியார் முகர்ந்து பார்த்தார். செத்த உடலைக் கழுகு தின்றுவிடுகிறது. கழுகு விட்டதை எறும்பு இழுத்துப் போகிறது. சாணத்தை வண்டு உருட்டிக்கொண்டு போகிறது. விழுந்த மரத்தில் காளான் முளைக்கிறது. எங்கு தேடியும் குப்பை என்று சொல்ல ஒரு துரும்பு கிடைக்கவில்லை. நரியாருக்கு முகம் தொங்கிப் போனது.

“குப்பையைப் பாதியாக் குறைப்போம்னு எழுதிக் குடுத்திருக்கோமே. இல்லாத குப்பையில பாதி எவ்வளவு?” என்றார்.

“இல்லாததுல பாதியும் இல்லாததுதான்,” என்றார் மலையாட்டார்.

நாரையார் சிறகடித்தார். “அப்போ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நாம ஜெயிச்சிட்டோம்!”

“ஜெயிச்சவனுக்கு ஒன்றியம் எதுக்குய்யா நிதி குடுக்கும்?” என்று நரியார் சீறினார்.

எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது ஓக் மரத்திலிருந்து ஒரு பழுத்த இலை என் தாளின் மேல் விழுந்தது. நான் அதைத் தட்டிவிடப் போனேன். பிறகு தட்டிவிடவில்லை. இறகைத் தோய்த்து இப்படி எழுதினேன்: “குப்பை என்பது, தான் இருந்த இடத்தைவிட்டு நீங்கி, தரையில் கிடக்கும் எதுவும் ஆகும்.”

நரியார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்கள் காட்டில் அவ்வளவு குப்பை இருப்பது அதுவரை எங்களுக்கே தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் காலையில் முள்ளெலி ஹில்டா வந்து சேர்ந்தாள். ஓக் மரத்தடியில் தனியாகக் குடியிருப்பவள். முள்ளெலிகள் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். காய்ந்த இலைகளைக் குவித்து, நடுவில் சுருண்டு படுத்து, வசந்தத்தில்தான் கண் விழிக்கும். இலை இல்லாமல் படுத்தால் விறைத்துச் செத்துப்போகும்.

“நரியண்ணே, இலையெல்லாம் வாரப் போறீங்களாமே? அது என் படுக்கைண்ணே,” என்றாள்.

“அடடா! உன்னத்தாம்மா தேடிக்கிட்டு இருந்தோம்,” என்றார் நரியார். “திட்டத்துக்கு ஒரு பயனாளி வேணும். நீதான் அது.”

“எனக்குப் பயன் எதுவும் வேணாம்ண்ணே. இலை கெடந்தாப் போதும்.”

“பயன் வேணாம்னு சொல்றதுதான் தங்கச்சி, பயிற்சி இல்லாததோட அடையாளம்.”

அன்றே ஹில்டாவின் பெயர் தொழிற்பயிற்சியில் ஏறியது. பாடம், உலர் இலை மேலாண்மை. ஆசிரியர், மலையாட்டார். திட்டத்தில் பயிற்சிப் பொறுப்பு அவர் காட்டுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. இலை உதிர்வதை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு படம் வைத்திருந்தார். அதைக் காட்டி, இலையின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று விளக்கினார். ஹில்டா பணிவாகக் கேட்டுக்கொண்டாள். செயல்முறைப் பயிற்சியில் அவள் தரையில் புரண்டாள். இலைகள் முள்ளில் குத்திக்கொண்டு கூடவே வந்தன. காடு முழுக்க அவளையே புரளவிட்டு, அவள் படுக்கையை அவள் முதுகாலேயே வாரினோம். கடைசியில் சான்றிதழும் கொடுத்தோம்.

வாரிய இலைகளை வேலி கட்டிக் குவித்து, அதன் மேல் சின்னத்தை மாட்டினோம். ஓக் மரத்தடி துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. குப்பை பாதியாகக் குறைவதாகச் சொல்லியிருந்தோம், முழுதாகவே ஒழிந்துவிட்டது. இலக்கைத் தாண்டிய சாதனை என்று எழுதினேன்.

பிறகு உறைபனி வர ஆரம்பித்தது. ஹில்டா வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

“அண்ணே, ஒரு குவியல் மட்டும் திருப்பிக் குடுங்க. ராத்திரியில முதுகு விறைக்குது.”

“அது இனிமே இலை இல்லம்மா, மூலப்பொருள்,” என்றார் நரியார். “சும்மா தூக்கிக் குடுத்தா தணிக்கையில மாட்டிக்குவேன். ஆனா ஒரு வழி இருக்கு. தொழில்முனைவுப் போட்டி வைக்கிறோம். கலந்துக்க. ஜெயிச்சா இலை உனக்கு.”

போட்டியில் கலந்துகொண்டது ஹில்டா ஒருத்திதான். நரியார், நாரையார், மலையாட்டார் மூவரும் நடுவர்கள். ஹில்டா ஒரு மரக்கட்டை மேல் ஏறி நின்றாள். பல் கிட்டித்தது.

“மரத்தடியில இலையைக் குமிச்சு, உள்ள போய்ப் படுத்துக்கிறது,” என்றாள். “அவ்வளவுதான்.”



“வாடிக்கையாளர் எத்தனை பேர்?” என்றார் நாரையார்.

“ஒருத்திதாங்க. நான்.”

“அஞ்சு வருஷத்துல இது எவ்வளவு வளரும்?”

“வளராதுங்க. வசந்தத்துல எந்திரிச்சு வெளிய வந்துருவேன்.”

“புதுமை எங்கம்மா இருக்கு?” என்று மலையாட்டார் மனவருத்தத்தோடு கேட்டார்.

ஹில்டாவுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. முதல் இரண்டு பரிசுகளைக் கூட்டாளிக் காடுகளுக்கே கொடுக்கும்படி ஆயிற்று. மூன்றாம் பரிசு, வெற்றி பெற்ற தொழில்முனைவோர் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு. அப்படி ஒருவர் எங்கள் காட்டில் இல்லாததால் அவள் தனியாகவே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அவள் போகும்போது காலைத் தூக்கி வைக்கத் தடுமாறியதைப் பார்த்தேன். எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தை அப்படியே விட்டுவிட மனமில்லாமல், அறிக்கையில் “கற்ற பாடங்கள்” என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்தேன்.

இதற்கிடையில் இலைகள் நாரையாரின் ஏரிக்குப் போயின. அங்கே ஊறவைத்து, மிதித்து, கூழாக்கி, காயவைத்தார்கள். தாளாக வந்தது. கொஞ்சம் முரடு, நல்ல தடிமன், உள்ளே காற்றோட்டம். மை தொட்டால் ஊறிப் பரவும். இதுதான் புதுமை என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். இத்தனை தாளை என்ன செய்வது என்று யோசித்தபோது, இறுதி அறிக்கை இன்னும் எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நான் எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. தாள் தீரும்வரை எழுத வேண்டும் என்பது நரியாரின் கட்டளை. ஒரு விஷயத்தைச் சொன்னேன், சொல்லப்போவதாக முன்னால் சொன்னேன், சொல்லிவிட்டதாகப் பின்னால் சொன்னேன். இணைப்புகள் சேர்த்தேன். இணைப்புகளுக்கு இணைப்புகள் சேர்த்தேன். அதையெல்லாம் பல பிரதி எடுத்தோம். மொத்தம் ஒரு சின்னக் குன்று அளவுக்கு வந்தது.

அதைச் சறுக்குவண்டியில் ஏற்றி, திட்டத்தை மதிப்பிடும் கரடியாரின் குகைக்கு இழுத்துப் போனோம். பயிற்சி பெற்றவருக்கு வேலை கிடைத்ததாகக் காட்ட வேண்டுமே என்று ஹில்டாவையும் ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொன்னோம். கரடியார் படுக்கப் போகும் நேரம். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“வச்சிட்டுப் போங்க. வசந்தத்துல பாக்குறேன்.”

“அதுவரைக்கும் யாரும் தொட மாட்டாங்களே, ஐயா?” என்று ஹில்டா கேட்டாள்.

“தொடவா?” கரடியார் கொட்டாவி விட்டார். “நானே தொடுவனான்னு தெரியல.”

அடுத்த நாள் பெரும்பனி விழுந்தது. ஹில்டாவைக் காணவில்லை. ஓக் மரத்தடியில் தேடினேன். வேலிப் பக்கம் தேடினேன். ஏரிவரை பறந்து போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. நரியார் பயனாளி “தொடர்பில் இல்லை” என்று எழுதச் சொன்னார். இறகை எடுத்தேன், கீழே வைத்தேன். ஒரு சொல்கூட எழுத முடியாமல் நான் உட்கார்ந்திருந்தது அந்தக் குளிர்காலத்தில்தான். அவள் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். தரையில் கிடப்பதெல்லாம் குப்பை என்று நான் எழுதிய அந்த வரி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

வசந்தம் வந்தது. மதிப்பீட்டுக்காக நரியாரும் நானும் கரடியாரின் குகைக்குப் போனோம். கரடியார் சோம்பல் முறித்துவிட்டு, கடைசித் தவணை நிதிக்காக அறிக்கையைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். சட்டென்று கடைசிப் பக்கத்துக்குப் போகப் பார்த்தார். போக முடியவில்லை. நடுவில் ஏதோ தடுத்தது.

பிரித்துப் பார்த்தால், அறிக்கையின் வயிற்றுப் பகுதி முழுக்கக் குடைந்து, தாளெல்லாம் நார் நாராகக் கிழிந்து ஒரு கூடாகக் கிடந்தது. அதன் நடுவில் ஹில்டா சுருண்டு படுத்திருந்தாள். மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் “ஹில்டாக்கா!” என்று கத்திவிட்டேன். அழுதேன் என்று நரியார் பிற்பாடு சொன்னார். அழுததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“அறிக்கையக் கிழிச்சுட்டியே, பாவி!” என்றார் நரியார்.

“இலைண்ணே அது,” என்றாள் ஹில்டா. “வாசனை போகல.”

நான் எழுத்தாளன் அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை. “அக்கா, கொஞ்சமாவது படிச்சீங்களா?”

“ரெண்டு வரி படிச்சேன், காக்காத் தம்பி. அதுக்கப்புறம் இப்போதான் முழிக்கிறேன்.”

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த ஒரே விமர்சனம் இதுதான். வேறு யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை.

கரடியார் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தார். “திட்டத்தால யாருக்காவது நேரடிப் பயன் உண்டான்னு இதுல ஒரு கேள்வி இருக்கு. வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அதுல கோடுதான் போட்டுட்டு வர்றேன்,” என்றார். படிவத்தை நேராக வைத்துக்கொண்டார். “இன்னைக்கு ‘உண்டு’ன்னு எழுதப் போறேன்.”

எங்கள் திட்டத்துக்கு “மிகச் சிறப்பு” கிடைத்தது. நரியார் குகையிலேயே இரண்டாம் கட்டத்தை அறிவித்தார். அக்கம்பக்கத்துக் காடுகளின் இலையையும் வாரித் தாளாக்கி, எல்லா முள்ளெலிகளும் படுக்கும் அளவுக்கு அறிக்கை எழுத வேண்டும். எழுதப்போவது நான்தான். இந்த வயதில் எனக்கு வாசகர்கள் பெருகப்போகிறார்கள்.

ஹில்டா மேலே ஒட்டியிருந்த தாள் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

“ஏண்ணே, இலையை விழுந்த எடத்துலயே விட்டுட்டா ஆகாதா?”

கரடியார் யோசித்தார். நரியார் யோசித்தார். நானும் என் பங்குக்கு யோசித்தேன்.

“ஆகும்தான் தங்கச்சி,” என்றார் நரியார் கடைசியில். “ஆனா அதை யாரு மதிப்பிடுறது?”

நீதி: அறிக்கை எழுதுகிறவர்களே, சுருக்கமாக எழுதி ஓர் உயிரைக் கொன்றுவிடாதீர்கள். படிக்க ஆள் வராவிட்டாலும், படுக்க ஆள் வரும்.