பப்படம் படி தாண்டாத கதை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு அந்த வருஷம் ஒரு மகான் எழுந்தருளினார். நோய் தீர்க்கிற மகான் அல்ல. பிள்ளை வரம் கொடுக்கிற மகானும் அல்ல. அந்தக் கடைகள் ஏற்கெனவே கூட்டம் தாங்காமல் நடந்துகொண்டிருந்தன. இவர் நாய் மகான். கதவு திறந்ததும் பாய்ந்தோடுகிற நாயை மந்திரத்தால் வாசற்படியில் கட்டிப்போடுவாராம். பெயர் வயிரவ சித்தர். வயிரவருக்கு வாகனம் நாய். ஆகவே ஊரிலுள்ள நாய்களெல்லாம் தம் ஆளுகைக்கு உட்பட்டவை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

இதற்கு முன் கிள்ளானில், கள்ளுக்கடைக்கு ஓடுகிற புருஷன்மாரைக் கட்டிக்கொண்டிருந்தார். புருஷன்மார் கட்டுக்கு அடங்கவில்லை. பெண்சாதிமார் விளக்குமாற்றோடு தேடி வந்தார்கள். சித்தர் யோசித்தார். நாய் வாய் திறந்து எதையும் சொல்லாது. அடுத்த ரயிலைப் பிடித்து இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த நேரமும் நல்ல நேரம். ஊரெல்லாம் வெறிநாய்ப் பயம். தெருவில் தனியே திரியும் நாயைக் கண்ட இடத்தில் சுடச் சொல்லி உத்தரவு. துப்பாக்கிக்குத் தப்பினால் தண்டவாளம் காத்திருந்தது. போதாதா? சித்தர் அரசமரத்தடியில் கூடாரம் போட்ட மறுவாரமே காஜாங்கிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. நாய் வளர்க்காதவர்கள்கூட வந்தார்கள். கூட்டம் இருக்கிற இடத்தில் தாம் இல்லாவிட்டால் எப்படி?

பவுனம்மாள் போனதில் நியாயம் உண்டு. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்தது ஒரு நாய்க்குட்டிதான். இரண்டு காதும் பொரித்த பப்படம்போல விறைத்து நின்றதால் பப்படம் என்றே பெயர் வைத்தாள். கதவு இம்மி திறந்தால் போதும், பப்படம் பறந்துவிடும். “பப்படம், பப்படம்” என்று கத்திக்கொண்டு அவள் பின்னால் ஓடுவாள். விலைக்கு வாங்கலாம் என்று நாலு வீட்டுக்காரர்கள் தட்டோடு வெளியே வருவார்கள். குட்டிக்கோ இதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் இல்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வந்தது.

கணவன் கன்னையா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சுயமரியாதைக் கூட்டமென்றால் முன்வரிசையில் உட்காருகிறவன். சித்தரிடம் போகப்போகிறேன் என்று அவள் சொன்னதும், மூடநம்பிக்கையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி வாசலில் நின்று நீண்ட சொற்பொழிவு ஆற்றினான். கதவைச் சாத்த மறந்துவிட்டான். பப்படம் லெவல் கிராசிங் வரை போய்விட்டது. பேச்சு அருமையான பேச்சுதான். ஆனால் அதற்குப் பிறகு பவுனம்மாள் யார் சொல்லைக் கேட்பாள்?

கோழி, வேட்டி, வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கிக்கொண்டு சித்தர் வாசற்கட்டு போட்டார். கறுப்புத் துணியில் முடிந்த எலுமிச்சம்பழத்தை வாசல் நிலையின் உச்சியில் தொங்கவிட்டார். அப்புறம் விதிமுறை சொன்னார். நெத்திலிக் கருவாட்டைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு நாயை எதிரே உட்கார வைக்க வேண்டும். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “படியே கட்டு, பாதமே கட்டு, வாலே கட்டு வயிரவா” என்று மந்திரம் சொல்ல வேண்டும். நாய் எழுந்தால் உடனே கதவைச் சாத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மந்திரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தால் கருவாட்டைக் கொடுத்து, “வா” என்று கூப்பிட வேண்டும். முக்கியமாக, ஓடினால் யாரும் கத்திக்கொண்டு துரத்தக் கூடாது. துரத்தினால் தெய்வக் குற்றம்.

பவுனம்மாள் காலையும் மாலையும் ஒரு நாள் தவறாமல் செய்தாள். முதலில் கதவைச் சாத்திச் சாத்தியே கை வலித்தது. பிறகு பப்படம் உட்கார்ந்தது. கதவை அகலத் திறந்து வைத்தாலும் அசையாமல் உட்கார்ந்தது. எதிர் வரிசையில் கோழி போனாலும் காது மட்டும்தான் ஆடியது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் போகிற இடமெல்லாம் பப்படத்தைக் காட்டித்தான் வியாபாரம் பண்ணினார்.

அமாவாசை நெருங்கியது. கட்டின் வீரியம் அமாவாசையோடு தீர்ந்துவிடும் என்று சித்தர் சொல்லியனுப்பினார். மறுகட்டு போட வேண்டும், அதற்குப் பவுனம்மாளுடைய மூக்குத்தித் தங்கம் வேண்டும். போடாவிட்டால் அடுத்த பௌர்ணமிக்குள் நாய் தண்டவாளத்தில் கிடக்கும். மூக்குத்தி அவள் அம்மா போட்டு அனுப்பியது. அதைக் கழற்றிக் கொடுக்கவே துணிந்துவிட்டாள்.

அமாவாசையன்று காலையில் வாசல் நிலையைத் துடைக்க ஏறியவள் கறுப்புத் துணியைத் தொட்டதும் திடுக்கிட்டாள். துணியைக் கிழித்துக்கொண்டு ஏதோ முளைவிட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே உருளைக்கிழங்கு! எலுமிச்சம்பழம் உருளைக்கிழங்காகிவிட்டது! ஓடிப்போய்ச் சித்தர் காலில் விழ முந்தானையை இழுத்துச் செருகினாள். கன்னையா குறுக்கே வந்து நின்றான். முகத்தில் அசடு வழிந்தது.

“பவுனு, போகாதே. அந்தப் பழத்தைக் கட்டின அன்னிக்கே நான்தான் சர்பத்துல பிழிஞ்சு குடிச்சிட்டேன். பயமா இருந்துச்சு, நீ திட்டுவியேன்னு. அதான் கெழங்கை வச்சுக் கட்டிட்டேன்.”

திட்ட வாயைத் திறந்த பவுனம்மாள், படியில் சாதுவாக உட்கார்ந்திருந்த பப்படத்தைப் பார்த்தாள். கட்டின அன்றைக்கே பழம் போய்விட்டதென்றால், இத்தனை நாளும் இந்தக் குட்டியைக் கட்டிப்போட்டது எது? உருளைக்கிழங்கா? சொற்பொழிவுக்கு அசையாத மூளை அந்தக் கிழங்குக்கு அசைந்தது.

சாயங்காலம் சித்தர் தாரை தப்பட்டையோடு வந்தார். பின்னால் ஊரே நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு மகதலேனாவும் தன் செவலை நாயோடு வந்திருந்தாள். மாதா கோயிலுக்குத் தெரியாமல்தான். சித்தர் மூக்குத்திக்குக் கையை நீட்டினார். பவுனம்மாள் அந்தக் கையில் உருளைக்கிழங்கை வைத்தாள்.

“கட்டுன பழம் போயி ரொம்ப நாளாச்சு சாமி. இதுதான் தொங்குச்சு.”

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். கனியைக் கிழங்காக்கியது வயிரவரின் திருவிளையாடல் என்றார். கூட்டம் கும்பிட்டது. கும்பிடுவதற்கு எது கிடைத்தாலும் சரிதான் அதற்கு.

பவுனம்மாள் வாதாடவில்லை. கதவை விரியத் திறந்தாள். நெத்திலியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். “பெட்டாலிங், சுங்கைவே, பத்துத்தீகா, கிள்ளான்” என்று ரயில் நிற்கிற ஊர்களை மந்திரத்தின் ராகத்திலேயே சொன்னாள். பப்படம் கிள்ளான் வரைக்கும் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. “வா” என்றதும் வந்து கருவாட்டைத் தின்றது.

“இப்ப நீங்க செய்யுங்க சாமி. பழம் வச்சுக்கங்க, உங்க மந்திரத்தையே சொல்லுங்க. கருவாடு மட்டும் வேணாம். மகதலேனா வீட்டு நாயை இந்தப் படியில நிறுத்திக் காட்டுங்க, மூக்குத்தியைத் தர்றேன்.”

கூட்டம் ஆவலோடு பார்த்தது. தப்ப வழியில்லை. சித்தர் புதுப் பழத்தை உயர்த்தி, “படியே கட்டு” என்று தொடங்கினார். மகதலேனா கயிற்றை அவிழ்த்தாள். பாதத்தைக் கட்டுமுன்னே செவலை பாய்ந்துவிட்டது. தெருவுக்கு அல்ல, சித்தரின் மடிக்கு! எந்த நாயும் தம்மிடம் வாலாட்டி வருவதற்காக மகான் மடி நிறையக் கருவாடு முடிந்து வைத்திருந்தார். மடி கிழிந்தது. நெத்திலி சிதறியது. அவ்வளவுதான், ஊர் நாயெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு விழுந்தன. சித்தர் வேட்டியைப் பிடிப்பதா, தாடியைப் பிடிப்பதா என்று தெரியாமல் ஓட்டமெடுத்தார். தாடி கையோடு வந்துவிட்டது. வயிரவரின் வாகனங்கள் அத்தனையும் ஸ்டேஷன்வரை போய் அவரை வழியனுப்பின.

தாடி போன முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்கு அடையாளம் தெரிந்தது. பங்சார் ரப்பர்த் தோட்டத்துத் துரை பங்களாவில் நாய் பழக்கும் வேலையில் இருந்த ஆள். பழக்குகிற வித்தையைத் துரையிடம் கற்றுக்கொண்டு, காணிக்கையை வயிரவர் பேரில் வாங்கியிருக்கிறார்.

அத்தனை அமளியிலும் ஒரு நாய் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. நெத்திலி ஒன்று மூக்குக்கு நேரே கிடந்தது. பப்படம் அதையும் பார்த்தது, பவுனம்மாளையும் பார்த்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “வா என் தங்கம்” என்று வாரி எடுத்துக்கொண்டாள்.

இத்தோடு கதை முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மறுநாள் விடியுமுன் அவள் வாசலில் வரிசை நின்றது. தேங்காய், வெற்றிலை, சூடம் எல்லாம் வந்திருந்தன. ரயில் மந்திரம் வேண்டுமாம். மகதலேனா முதல் ஆளாக நின்றாள். செவலைக்குக் கிள்ளான் பாதை மந்திரம் பலிக்குமா, சிரம்பான் பாதை மந்திரம் பலிக்குமா என்று அவளுக்குச் சந்தேகம்.

பவுனம்மாள் சூடத்தை ஊதி அணைத்தாள். திறந்த கதவுக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்த பப்படத்தைக் காட்டினாள்.

“கதவு திறந்திருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு ஓடக்கூடாதுன்னு இது கத்துக்கிச்சு. நீங்க எப்ப கத்துக்கப் போறீங்க?”